‘கிளிங்’ என்னும் சொல்

தமிழ் இலக்கண நூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தனர். ஒரு கூட்டத்தார் ஏதேனும் ஒரு காரணம் பற்றித் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல் குழூஉக்குறி எனப்படும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளாம். தொழிலும் ஆட்டமும் உள்ள இடமெல்லாம் இத்தகைய சொற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஆயின் ஒரு குழு தான் கையாளும் பொருள்களுக்கு மட்டும் பெயர் சூட்டுவதில்லை. தன்னைச் சாராத மாந்தர்க்கும் பெயர் சூட்டுகின்றது. அங்கேதான் சொல்லாராய்ச்சி மானத்தோடு தொடர்புடையதாகின்றது.

இக்கால விளையாட்டு ஒன்றினை முதலில் நோக்கலாம். ‘ஜியோகேச்சிங்’ என்பது மறைத்துவைத்த பொருளைச் செயற்கைக்கோள் கருவியின் துணையால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அமெரிக்க அரசு பொதுமக்கள் பயன்படுத்தும் இடமறி கருவிகளின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டினை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றில் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்ச தீர்க்க ரேகைகளைப் பிறர்க்கு அறிவித்தார். அன்று தொடங்கிய விளையாட்டு உலகெங்கும் பரவியது. இதனை ஆடுவோர், ஆட்டம் அறியாத பிறரை ‘மகிள்’ என்று அழைப்பர். அத்தகையோர் பெட்டியைத் தற்செயலாகக் கண்டு எடுத்துச் சென்றுவிட்டாலோ சிதைத்துவிட்டாலோ, அப்பெட்டி ‘மகிள்’ வயப்பட்டது என்னும் பொருள்படப் பேசிக்கொள்வர்.

இச்சொல் 1997இல் வெளிவரத் தொடங்கிய ஆரி பாட்டர் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. மந்திர ஆற்றல் இல்லாத எளிய மனிதரைக் குறிக்க ஆசிரியர் ஜே. கே. ரோலிங் அதனை அமைத்தார். எளிதில் ஏமாறுபவனைக் குறிக்கும் ‘மக்’ என்னும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லே அதன் அடி. இதே ஒலியுடைய சொல் 1920களில் அமெரிக்க ஜாஸ் இசைவாணரிடையே வேறு பொருளில் வழங்கியது. அவர்கள் கஞ்சாவுக்கு இட்ட மறைபெயர் அது. 1928இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவுசெய்த இசை ஒன்றுக்கும் அதுவே பெயர். ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. எனவே இரு செய்திகளை இவ்விளையாட்டுச் சொல் கற்பிக்கின்றது. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு ஒரு சொல்லின் பிறப்பினைத் துணிதல் கூடாது என்பது ஒன்று. புறத்தாரைக் குறிக்கும் பெயரில் சற்றே ஏளனம் கலந்துவிடுவது உலகியல்பு என்பது மற்றொன்று.

விளையாட்டில் இவ்வேளனம் யாரையும் புண்படுத்துவதில்லை. மாலையில் ஆட்டம் முடிந்தால் அச்சொல்லும் முடிந்துபோம். ஓர் இனத்தார் மற்றோர் இனத்தார்க்கு இட்ட பெயரோ அவ்வாறு முடிவதில்லை. பினாங்குத் தீவில் தமிழர்மீது வழங்கிவரும் ‘கிளிங்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

தெருப்பலகையும் விளையாட்டுத் திடலும்

ஜோர்ஜ்டவுன் நகரின் நடுவே பழைய பிட் தெரு இன்று ‘ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங்’ எனப் பெயர் தாங்கி நிற்கின்றது. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பெற்ற பகுதியில் அமைந்தது அத்தெரு. 1801ஆம் ஆண்டில் தோற்றம் கண்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கே ஓங்கிய தூபியோடும் கவிகை மாடங்களோடும் விளங்குகின்றது. உலகின் பல திசைகளிலிருந்து வருவோர் அப்பெயரைப் படித்து மகிழ்ந்து, படமெடுத்துச் செல்கின்றனர்.

அதே சொல்லை அதே நகரின் விளையாட்டுத் திடலில் ஒரு தமிழ்ச் சிறுவனை நோக்கி வீசினால், அது வசையாகின்றது. அவன் முகம் கறுக்கின்றது. சில வேளைகளில் கைகலப்பும் நேர்கின்றது. பள்ளிவாசலின் நெற்றியில் பெருமையாக விளங்கும் பெயர், திடலில் இழிவாவது எவ்வாறு? மாணவன் இவ்வினாவை எழுப்பினால் ஆசிரியர் விடை கூறக் கடமைப்பட்டவர். அவ்விடை பிழையானதாக இருப்பின், வசைச்சொல் செய்த தீங்கினும் அது பெருந்தீங்காய் முடியும்.

சங்கிலிக் கதை

மலேசியத் தமிழரிடையே பரவலாக வழங்கும் விளக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகள் காலில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் நடந்தபோது சங்கிலி ‘கிளிங், கிளிங்’ என ஒலித்தது. அவ்வொலியே இனத்தின் பெயராயிற்று என்பது அவ்விளக்கம். சிலர் விலங்குக்கு மாற்றாகத் தமிழ்ப் பெண்டிரின் காற்சலங்கையைக் கூறுவர். தந்தையர் மைந்தர்க்கு இதனைக் கூறி வந்துள்ளனர். மேடைகளிலும் இது முழங்கியுள்ளது.

கைதிகள் வந்தது மெய்யே. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பினாங்கினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டபின், அந்நூற்றாண்டின் இறுதிக்குள்ளாகவே இந்தியக் கைதிகள் இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். சாலை அமைத்தல், காடு திருத்தல் முதலிய பணிகளில் அவர்தம் வியர்வை சிந்திற்று. ஆனால் ‘கிளிங்’ என்னும் சொல்லோ அவர்கள் கால் வைப்பதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே தென்கிழக்காசியாவில் வழங்கியுள்ளது.

மலாக்கா சுல்தான்களின் வரலாறு கூறும் ‘செஜாரா மெலாயு’ என்னும் நூலின் பழைய வடிவம் 1612ஆம் ஆண்டினைச் சார்ந்தது. அதில் ‘கிளிங் நாடு’ பலமுறை பேசப்படுகின்றது. அதற்கும் நூறாண்டு முற்பட்டு, 1512 முதல் 1515 வரையிலான காலத்தில் குறிப்புகள் எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ், மலாக்காவில் செல்வாக்குடன் திகழ்ந்த கிளிங் வணிகரைப் பற்றி எழுதியுள்ளார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 11ஆம் நூற்றாண்டில் சாவகத்தை ஆண்ட ஏர்லங்கா மன்னனின் கல்வெட்டு அயல்நாட்டாரை வரிசைப்படுத்துமிடத்துக் கிளிங், சிங்களம், திராவிடம், சம்பா, கெமர் எனப் பெயர்களை அடுக்குகின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கல்லில் ஏறிய பெயருக்கு, இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகட்கு முன்னர் வந்த கைதியின் விலங்கு எவ்வாறு மூலமாதல் கூடும்? சங்கிலிக் கதை வெறும் ஒலி ஒப்புமையில் தோன்றிய கற்பனை எனத் துணியலாம்.

கலிங்கமும் கிளிங்கும்

அறிஞர் பெரும்பாலோர் இச்சொல்லைக் ‘கலிங்கம்’ என்னும் நாட்டுப் பெயரின் திரிபாகக் கொள்வர். இன்றைய ஒடிசாவும் ஆந்திரத்தின் வடகரையும் சேர்ந்த பகுதியே பழைய கலிங்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் படையெடுத்து, வென்றபின் மனம் வருந்திய நாடு அது. வங்கக் கடலோரம் அமைந்த அந்நாட்டார் கடல் வாணிகத்தில் தேர்ந்தவர். அங்கிருந்து வந்த துணி, தமிழகத்திலும் பெயர்பெற்றது. சங்க இலக்கியத்தில் ‘கலிங்கம்’ என்பதற்கு ஆடை என்றே பொருள் உண்டு. நாட்டின் பெயர் அங்கு நெய்த துணிக்கு ஆகிவந்தது போல், கடல் கடந்த நாடுகளில் அங்கிருந்து வந்த மாந்தர்க்கும் ஆயிற்று. வடமொழி ‘நகர’ மலாயில் முதலுயிர் நலிந்து ‘நெகாரா’ ஆவது போல், ‘கலிங்க’ என்பதும் முதலுயிர் நலிந்து, ஈறு கெட்டுக் ‘கிளிங்’ ஆயிற்று.

இதில் ஒரு வியப்பு உண்டு. தமிழர் கலிங்கரல்லர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பதினேழு நாடுகளைத் தொகுத்துக் கூறும் பழைய பாட்டொன்று, கலிங்கத்தைச் சாவகத்தோடும் கடாரத்தோடும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. அஃதாவது, தமிழ்ப் புலவர் கண்ணில் கலிங்கமும் கடாரமும் ஒருசேர அயல்நாடுகளே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதனைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். கலிங்கத்தைப் பகைநாடாகக் கொண்டு பரணி பெற்ற தமிழர், கீழ்க்கடலின் அக்கரையில் கலிங்கராகவே பெயர் பெற்றனர்!

ஏர்லங்காவின் கல்வெட்டில் கிளிங் வேறு, திராவிடம் வேறு என நிற்பதும் கருதத்தக்கது. தொடக்கத்தில் அச்சொல் கலிங்க நாட்டாரை மட்டுமே குறித்தது. பின்னர் தமிழகக் கரையிலிருந்து வருவோர் பெருகவே, முன்னவர்க்குரிய பெயர் பின்னவர்க்கும் விரிந்தது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வாறு ஒரு பகுதியின் பெயரால் பெருங்கூட்டத்தை அழைப்பது மலாய்க்காரர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. அயோனியக் கிரேக்கரைக் குறித்த சொல்லைத் தமிழர் ‘யவனர்’ என ஆக்கி, மேற்கிலிருந்து வந்தோர் பலர்க்கும் வழங்கினர். பிராங்கர் என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் ‘பரங்கி’ ஆகி, வெள்ளையர் அனைவரையும் குறித்தது. துருக்கரைக் குறித்த சொல் ‘துலுக்கர்’ எனத் திரிந்து, தமிழ் பேசும் இசுலாமியர்மீதும் ஏறியது. அதனை அவர்கள் விரும்பாமையும் யாவரும் அறிந்ததே. போர்த்துக்கீசியரோ தமிழரை ‘மலபார்’ என்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தன் மொழியை ‘மலபார் தமிழ்’ எனக் குறித்துக்கொள்கின்றது. பினாங்கின் பழைய வரைபடத்தில் இன்றைய சூலியா தெருவின் பெயரும் மலபார் தெருவே. ஒரு தெருவுக்கு மலபார், சூலியா என இரு பெயர். அதன் அருகிலுள்ள பள்ளிவாசலுக்குக் கிளிங் என்னும் பெயர். மூன்றும் தமிழரைச் சுட்டியவை. அம்மூன்றனுள் ஒன்றேனும் ‘தமிழ்’ என்பதன்று.

உயர்வின் காலம்

‘கிளிங்’ என்பது இழிசொல்லாகப் பிறந்ததன்று என்பதற்கு மலாய் இலக்கியமே சான்று. செஜாரா மெலாயு, மலாய் அரச மரபின் பழமையைக் கூறுமிடத்துக் கிளிங் நாட்டு மன்னனாகிய ராஜா சூரானை அம்மரபின் முன்னோருள் ஒருவனாக வைத்துப் போற்றுகின்றது. 1025ஆம் ஆண்டில் கடாரம் கொண்ட இராசேந்திர சோழனின் நினைவே அக்கதையில் உருமாறி நிற்கின்றது என்பர் ஆய்வாளர். ஹங் துவாவின் வீரம் பாடும் காவியத்தில் அவன் கிளிங் நாட்டுக்குத் தூது செல்கின்றான். தாழ்ந்தோரிடமிருந்து எவரும் தம் அரச மரபைத் தொடங்குவதில்லை. தாழ்ந்தோரிடம் தூதும் அனுப்புவதில்லை.

மலாக்காத் துறைமுகத்தில் அயல்நாட்டு வணிகரைக் கண்காணிக்க நால்வர் ‘ஷாபந்தர்’ என்னும் அதிகாரிகளாக அமர்ந்திருந்தனர். கிளிங் வணிகரின் நலனும் அவருள் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது, கிளிங் வணிகர் தலைவரான நீனா சாத்து என்பவரைப் பெண்டகாரா பதவியில் அமர்த்தினர். 1514இல் அப்பதவி தம்மிடமிருந்து பறிக்கப்படவே, அவர் மானம் பொறாது தீப்பாய்ந்து உயிர் நீத்தார். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் அவ்வணிகர் மரபின் சுவடாக இன்றும் நிற்கின்றது.

நவீன மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா, அரபு, தமிழ்க் குருதி இரண்டும் கலந்தவர். இளமையில் தாம் கிளிங் மொழி கற்றதனை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அம்மொழி தமிழே. மலாக்காவில் வசதியுடைய குடும்பத்தார் தம் பிள்ளைகட்குக் கணக்கின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் அதனைக் கற்பிப்பது முன்னோர் வழக்கம் என்பது அவர் தரும் செய்தி. ஆக, ஒரு காலத்தில் ‘கிளிங்’ என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கற்ற மொழியின் பெயராகவும் இருந்தது.

பினாங்கிலும் அவ்வாறே. சீனர் தலைவர்க்குக் ‘கப்பித்தான் சீனா’ என்றும், தமிழ் இசுலாமியர் தலைவர்க்குக் ‘கப்பித்தான் கிளிங்’ என்றும் பட்டங்கள் வழங்கின. ‘சீனா’ வசையன்று; அதற்கு இணையாக வழங்கிய ‘கிளிங்’ என்பதும் வசையன்று. அப்பட்டம் தாங்கிய காதர் முகைதீன் மெரிக்கான் செல்வச் சிறப்பு வாய்ந்த வணிகர். அவர் பெயரின் பின்னொட்டு ‘மரைக்காயர்’ என்பதன் திரிபாகும். தம் மக்களின் வழக்குகளைத் தீர்த்து, பள்ளிவாசலுக்குக் கம்பெனியிடம் நிலம் பெற்று, 1834ஆம் ஆண்டில் மறைந்தார். பினாங்குச் சீனர் இன்றும் ஹொக்கியன் மொழியில் சௌராஸ்தா சந்தையைக் ‘கிட் லெங் ஆ பான் சான்’ என்பர். கிளிங் மக்களின் சந்தை என்பது அதன் பொருள்.

வீழ்ச்சியின் காரணம்

அவ்வாறாயின் அச்சொல் எப்போது இழிந்தது? விடை சொல்லில் இல்லை. அச்சொல்லால் குறிக்கப்பட்ட மக்களின் நிலையில் உள்ளது.

1794இல் பிரான்சிஸ் லைட் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் கடைக்காரரும் கூலியாட்களும் ஆவர் என்று குறித்தார். இவ்விரு பிரிவினரும் அன்று ஒரே தெருவில் வாழ்ந்தனர். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் இப்பிரிவுகளின் அளவு மாறியது. தீவின் எதிர்க்கரையாகிய புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏழை உழவர் கொண்டுவரப்பட்டனர். காப்பியும் ரப்பரும் கரும்பைத் தொடர்ந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னும் கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசு தடைவிதித்த பின்னரே அதுவும் நின்றது. பழைய வணிகரினும் புதிய தொழிலாளர் தொகை பன்மடங்காயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், சாலையில் கல் உடைப்பவர், தோட்டத்தில் பால்வெட்டுபவர் ஆகியோரே பிறர் கண்ணில் தமிழராகக் காட்சியளித்தனர்.

துரைமார் அவர்களை மதிக்கவில்லை; துரைமாரைப் பார்த்து மற்றவரும் மதிக்கவில்லை. மதியாத வாயில் வழங்கிய பெயர் மதிப்பிழந்தது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, ‘கிளிங்’ என்பதனை மலாய் நாடுகளில் குடியேறிய இந்தியரைக் குறிக்கும் பெயராகப் பதிந்து, கலிங்கத் தொடர்பினையும் காட்டியது. நூலில் இவ்வாறு பொதுப்பெயராக நின்ற சொல், தெருவிலும் தோட்டத்திலும் வசையாக மாறிக்கொண்டிருந்தது. உழைப்பாளியை இகழ்ந்த சமுதாயம் அவன் பெயரையும் சேர்த்து இகழ்ந்தது. ‘கூலி’ என்னும் தூய தமிழ்ச் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்ததனை இங்கு ஒப்பு நோக்கலாம். உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறித்த அச்சொல், உழைப்பவனை இழிக்கும் சொல்லாக உலகெங்கும் பரவிற்று.

இதனை எதிர்த்த குரல் புதியதன்று. சிங்கப்பூரில் ‘கிளிங் தெரு’ என வழங்கியது, இந்தியர் எடுத்துரைத்ததன் பயனாக 1920களின் தொடக்கத்தில் ‘சூலியா தெரு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. மலேசியாவில் டேவான் அகராதியில் இச்சொல் இடம்பெற்றமை குறித்து எழுந்த எதிர்ப்பு, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வெதிர்ப்பினை மிகையுணர்ச்சி எனத் தள்ளுதல் முறையாகாது. சொல்லின் பிறப்பு எத்துணைத் தூயதாயினும், இன்று அது எவ்வாறு வழங்குகின்றது என்பதே கேட்போர் நெஞ்சத்தைத் தொடும். ‘நாற்றம்’ என்பது முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. அதற்காக இன்று ஒருவரிடம் அச்சொல்லைக் கூறிவிட்டு, பழம்பொருளைக் காட்டித் தப்புதல் இயலுமோ?

வகுப்பறையில் கூறத்தக்கது

இவ்வரலாறு இரு கடமைகளை உணர்த்துகின்றது. இவை ஒன்றனை ஒன்று மறுப்பன அல்ல.

உயிரோடு நடமாடும் ஒரு மனிதனை அவன் விரும்பாத பெயரால் அழைத்தல் கூடாது என்பது முதற்கடமை. ஓர் இனத்தின் பெயரைத் தெரிவு செய்யும் உரிமை அவ்வினத்தாரையே சாரும். ‘தமிழர்’ என்னும் பெயர் இருக்க, வேறு பெயர் எதற்கு? இவ்வுரிமையைக் கேட்கும் தமிழர், ‘துலுக்கர்’ முதலிய சொற்களைத் தம் நாவினின்றும் களைதல் வேண்டும். தமக்குக் கசக்கும் சொல்முறை பிறர்க்கு இனிக்கும் எனக் கருதுதல் அறமன்று.

பழைய பள்ளிவாசலிலும் தெருவிலும் நூலிலும் நிற்கும் பெயரை அழிக்காமல், அதன் பொருளைக் கற்பித்தல் இரண்டாம் கடமை. கப்பித்தான் கிளிங் என்னும் பெயரை மாற்றிவிட்டால், இத்தீவில் தமிழர் கைதியாகவும் கூலியாகவும் மட்டுமே வந்தனர் என்னும் பொய்க்கு எதிராக நிற்கும் கற்சான்று ஒன்று மறைந்துபோம். சங்கிலிக் கதையோ அப்பொய்க்கே துணைபோகின்றது. அதனை நம்பும் சிறுவன், தன் இனத்தின் பெயரே விலங்கின் ஓசையிலிருந்து பிறந்தது என எண்ணித் தலை குனிவான். விலங்கு பூண்டு வந்தவரும் தன் முன்னோரே என்பதையும், அவர்க்கு முன்னரே கப்பலேறி வந்த வணிகரும் தன் முன்னோரே என்பதையும் ஒருசேர அறிந்தவன் தலை குனியான். விலங்கு பூண்டவரை வெறுக்கவும் மாட்டான்.

திடலில் வசை கேட்டு வரும் மாணவனுக்கு ஆசிரியர் ஆறுதல் மொழி கூறுதல் நன்று. அடுத்த வாரம் அவ்வகுப்பினையே அழைத்துக்கொண்டு அத்தெருவுக்குச் செல்லுதல் அதனினும் நன்று. பலகையில் உள்ள பெயரை அவர்களே படிக்கட்டும். வைதவனும் வையப்பட்டவனும் அருகருகே நின்று, 1801ஆம் ஆண்டில் அப்பெயர் எத்தகையதொரு மனிதர்க்கு உரியதாக இருந்தது என்பதனைக் கேட்கட்டும். அதன்பின் அச்சொல்லை வசையாக எடுத்தாள வைதவனுக்கும் நா கூசும்.